மணல்திட்டில் கூடு, கூட்டைச் சுற்றி கேமரா

கோடை வந்துவிட்டால் சமூக ஊடகங்களில் ஒரு வகைப் படம் வரிசைகட்டும். மஞ்சள் அலகில் வெள்ளி மீன், தலையில் கறுப்புத் தொப்பி, இறக்கையை உயர்த்தி அந்தரத்தில் நிற்கும் ஆற்று ஆலா. பின்னணியில் மங்கலாக மணல். ‘என்ன ஷார்ப்பு!’, ‘எந்த லென்ஸ் ப்ரோ?’ என்று கீழே பாராட்டு குவியும். படம் அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், மீனைப் பிடித்த பறவை அதைத் தின்னாமல், எங்கும் இறங்காமல், ஏன் ஒரே இடத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

பல படங்களில் காரணம் ஒன்றுதான். அது குஞ்சுக்கோ, அடைகாக்கும் துணைக்கோ கொண்டுவந்த மீன். இறங்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் மணலில் படுத்திருக்கிறார். அவர் எழுந்து போகும்வரை அந்த மீன் குஞ்சின் வாய்க்குப் போகாது. அவர் எழுந்து போவதாகவும் இல்லை. இன்னும் நாலு ‘ஷாட்’ பாக்கி.

மாயனூரைத் தாண்டி முக்கொம்பு வரையிலான காவிரியை அகண்ட காவிரி என்பார்கள். குளித்தலையிலிருந்து முசிறிக்குப் பாலத்தில் போகிறவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. கோடையில் இந்த அகலம் முழுக்க மணல். நடுவே வாய்க்கால்போல ஓடும் குடிநீர், ஆங்காங்கே குட்டை, நாணல் முளைத்த திட்டுகள். மேட்டூரில் ஜனவரி 28-ம் தேதி பாசனத்துக்குத் தண்ணீரை நிறுத்துவதும் ஜூன் 12-ம் தேதி திறப்பதும் டெல்டா விவசாயிக்கு மனப்பாடம். ஆற்றுமணலில் முட்டையிடும் பறவைகளுக்கும் அதுதான் பஞ்சாங்கம். தண்ணீர் வடிந்து திட்டு தலைகாட்டிய பிறகு ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பறக்கிற வரைக்கும் வளர்த்து, புதுத்தண்ணீர் வருவதற்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். இந்த நாலரை மாதத்துக்குள்தான் எல்லாம்.

கூடு என்று சொல்கிறோமே தவிர, அங்கே கட்டடம் ஒன்றும் இருக்காது. மணலில் நெஞ்சை அழுத்தித் தேய்த்த ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். ஆற்று ஆலா பெரும்பாலும் மூன்று முட்டை இடும். செம்மூக்கு ஆள்காட்டி நான்கு; கூரான முனைகள் உள்நோக்கி இருக்க, பூ மாதிரி அடுக்கியிருக்கும். பட்டாணி உப்புக்கொத்தியின் முட்டையோ கூழாங்கல்லுக்கு நடுவே கூழாங்கல். மண் நிறம், கறுப்புப் புள்ளிகள். பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாலும் மிதித்துவிட வாய்ப்புண்டு. முட்டை பொரிந்து சில மணி நேரத்திலேயே ஆள்காட்டிக் குஞ்சும் உப்புக்கொத்திக் குஞ்சும் எழுந்து நடக்கும். ஆபத்து என்று தாய் குரல் கொடுத்தால் அப்படியே மணலோடு மணலாக ஒட்டிக்கொள்ளும். மனிதக் கால் நெருங்கினாலும் அசையாது. அசையாமல் இருப்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. அந்தத் தற்காப்பே அதைக் காலடியில் கொண்டுபோய் வைக்கிறது.

போன கோடையில் ஒரு நாள் காலை, கரையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்த்திட்டில் மூன்று பேர். உருமறைப்புத் துணி, முக்காலி, கைநீள லென்ஸ். அவர்களுக்கு முன்னால் ஒரு பட்டாணி உப்புக்கொத்தி ஒரு பக்க இறக்கையை மணலில் இழுத்துக்கொண்டு, வாலை விசிறிபோல விரித்து, ஒடிந்து விழுந்ததைப்போலத் தத்தித் தத்தி ஓடியது. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. அவர்கள் பின்னாலேயே போகவில்லை என்றதும் மறுபடி கிட்டே வந்து அதே நாடகம். நரியையும் நாயையும் கூட்டிலிருந்து திசைதிருப்ப அந்தப் பறவை இனம் கற்றுவைத்திருக்கும் வித்தை அது. கேமராக்காரர்களுக்கு அது ‘ஆக்‌ஷன்’. ஒருவர் செல்போனில் வீடியோவும் எடுத்தார். பின்னணிப் பாட்டு சேர்த்து எங்காவது ‘டான்ஸ் ஆடும் குருவி’ என்று வந்திருக்கும்.

பக்கத்தில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம், “இது வழக்கமாண்ணே?” என்றேன்.

“முன்னாடியெல்லாம் ஒருத்தர் ரெண்டு பேர் வருவாங்க சார், கரையிலயே நின்னு பார்த்துட்டுப் போயிருவாங்க. இப்ப காரை ஆத்துக்குள்ளயே எறக்கிர்றாங்க. குடையாட்டம் ஒண்ண விரிச்சிக்கிட்டுப் படுத்துக்குறாங்க. குருவி கத்திக்கிட்டே கெடக்கும். பத்து மணி வெயில்ல முட்ட என்னாத்துக்கு ஆகும்?”

அவர் கேட்டதுதான் இதில் மையமான விஷயம். குளிர் நாட்டில் பறவை அடைகாப்பது முட்டைக்குச் சூடு ஏற்ற. ஏப்ரல் காவிரியில் பாதி நாள் அது அடைகாப்பது முட்டைக்குச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள. கரு வளர 37, 38 டிகிரி போதும். மதிய மணல் 50 டிகிரியைத் தாண்டும். செருப்பில்லாமல் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் தாய்ப்பறவை முட்டைமேல் உட்காராமல் கால்களை அகட்டி நின்று தன் நிழலை முட்டைமேல் விழ வைக்கும். ஆள்காட்டி ஓடையில் போய் வயிற்று இறகை நனைத்து வந்து ஈரத்தோடு முட்டைமேல் அமரும். நாள் முழுக்க இந்த நடை. இந்தச் சங்கிலி நடுவெயிலில் சிறிது நேரம் அறுந்தாலே முட்டைக்குள் இருப்பது வெந்துவிடும். வெளியே ஒரு கீறல்கூட விழாது. படமெடுத்தவர் ‘முட்டையைத் தொடவே இல்லை’ என்று சத்தியம் செய்வார். அதுவும் உண்மையாகவே இருக்கும்.

வெயில் கொல்லாததைக் காகம் முடிக்கும். பறவை எங்கிருந்து எழுந்தது, ஆள் எங்கே குனிந்தார் என்பதைக் காகம் கவனித்துக்கொண்டே இருக்கும். ஆள் நகர்ந்ததும் இறங்கும். மனிதர் தூக்கிப்போட்ட சாப்பாட்டுப் பொட்டலத்தை மோப்பம் பிடித்து, அவரது காலடித் தடத்திலேயே நாய் வரும்.

முதல் முறை இட்ட முட்டை போனால் பறவை சும்மா இருப்பதில்லை; மறுபடி இடும். ‘அப்புறம் என்ன? அதான் மறுபடி முட்டையிடுகிறதே’ என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். நியாயமாகத்தான் தெரியும், காவிரிக் கணக்கைப் பார்க்காதவரை. மார்ச்சில் இட்ட முட்டை என்றால் மே மாதத்துக்குள் குஞ்சு பறந்துவிடும். ஏப்ரல் கடைசியில் மறுபடி இட்டால்? அடைகாக்கவே மூன்று வாரத்துக்கு மேல். குஞ்சுக்கு இறகு முளைத்துப் பறக்க இன்னொரு நாலைந்து வாரம். ஜூன் 12 வந்துவிடும். 2022-ல் அணையில் போதிய தண்ணீர் இருந்ததால் மே 24-ம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள். விவசாயிக்கு அது நல்ல சேதி, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்த மாதிரி ஆண்டில் இரண்டாம் முறை வைத்த கூடு எந்தத் திட்டில் இருந்தாலும் தண்ணீருக்கடியில்தான். மார்ச்சில் ஒருவர் எடுத்த படத்துக்கான விலையைப் பறவை மே மாதத்தில் கொடுக்கிறது. படமெடுத்தவர் அப்போது வேறு ஊரில் வேறு பறவையின் பின்னால்.

ஆற்றுப் பறவைகளை அழிப்பதில் கேமராக்காரர்களுக்கு முதலிடம் இல்லை. மணல் கொள்ளை, திட்டுகளை மேயும் மாடுகள், கழிவுநீர், தெருநாய்கள் என்று பட்டியல் பெரியது. ஆற்று ஆலா இன்று உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்தது லென்ஸ் இல்லை. ஆனால், மணல் லாரியை நிறுத்த எத்தனை வழக்கு, எத்தனை உயிர் போயிற்று என்று நமக்குத் தெரியும். கேமராவை நூறு மீட்டர் தள்ளி வைக்க ஓர் உத்தரவு போதும். செலவே இல்லாத வேலையைக்கூடச் செய்யாமல் இருப்பதுதான் ஆற்றாமை.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்கு விளக்கம் தரும் பிரிவு 2(16)-ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். துப்பாக்கியும் கண்ணியும் மட்டும் அங்கே இல்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் வேட்டைதான் என்கிறது அது. பட்டியலிட்ட பறவை என்றால் அதைச் சரணாலயத்துக்குள் செய்தாலும் வெளியே செய்தாலும் குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. கொக்கு சுட்டவனைப் பிடித்து ஜீப்பில் ஏற்றுகிறோம். கூட்டின்மேல் குடைவிரித்துப் படுத்தவருக்கு, அதே பிரிவு இருக்க, கண்காட்சியில் பரிசு கொடுக்கிறோம்.

இதைச் சொல்லி ஒரு புகார் கொடுக்கலாம் என்று கிளம்பினால் தெரியும் சங்கதி. ஓர் அலுவலகத்தில், “இது காப்புக்காடு இல்லைங்களே” என்றார்கள். இன்னொன்றில், “ஆற்றில் மணல் அள்ளினால் சொல்லுங்கள், நடவடிக்கை எடுக்கிறோம். பறவை எங்கள் வேலை இல்லை” என்றார்கள். மூன்றாவது இடத்தில் கேட்டதுதான் உச்சம்: “அந்தத் திட்டு அக்கரை மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கும், அங்கே கேளுங்கள்.” அவர் சொன்னதிலும் தப்பில்லை. குளித்தலை கரூர் மாவட்டம், எதிரே முசிறி திருச்சி மாவட்டம். எல்லைக்கோடு ஆற்றுக்கு நடுவே போகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இடம் மாறும் மணல்திட்டு எந்த மாவட்டம் என்று யார் அளப்பது? ஆற்றுப்படுகை ஒரு துறையிடம், கனிமம் ஒரு துறையிடம், நிலப் பதிவேடு ஒரு துறையிடம், பறவை ஒரு துறையிடம். நாலு பேர் வீட்டு மாடு பட்டினி என்பார்களே, அதேதான்.

புகைப்படக்காரர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது. “நாங்கள் எடுத்துக் காட்டுவதால்தானே இந்தப் பறவை இருப்பதே ஊருக்குத் தெரிகிறது?” முழுப் பொய் இல்லை. பறவை நோக்கல் தமிழ்நாட்டில் இந்த அளவு பரவியதற்கு நல்ல படங்களும் காரணம். பறவைப் புகைப்படக்கலையே கூட்டில் பிறந்த கலைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கனத்த பெட்டிக் கேமராவும் கிட்டத்தில் மட்டுமே எடுபடும் லென்ஸும் இருந்த காலத்தில், பறவை நிச்சயம் திரும்பி வரும் என்று தெரிந்த ஒரே இடம் கூடு. அதனால் முன்னோடிகள் எல்லோரும் கூட்டருகே மறைவிடம் கட்டிக் காத்திருந்தார்கள். எரிக் ஹோஸ்கிங் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1937-ல் ஆந்தைக் கூட்டருகே இருந்த தன் மறைவிடத்துக்குப் போனபோது ஆந்தை பாய்ந்து அவரது ஒரு கண்ணையே பறித்துவிட்டது. நம் ஆற்று ஆலாவுக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. அதிகபட்சம் தலைக்கு மேலே பாய்ந்து எச்சமிடும்.

இன்று 600 மில்லிமீட்டர் லென்ஸ் தோளில் தொங்குகிறது. பறக்கும் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கேமரா வந்துவிட்டது. ஆலா மீன் பிடிக்கும் மடு கூட்டிலிருந்து வெகுதொலைவில் இருக்கும். அங்கே போய் நின்றால் அது தலைகுப்புற விழுந்து நீரைக் கிழிக்கும் காட்சி நாள் முழுக்கக் கிடைக்கும். கஷ்டம்தான், பத்துக்கு ஒன்று சரியாக வரும். கூட்டருகே அந்தக் கஷ்டம் கிடையாது. பறவை தப்பிப் போக முடியாமல் அங்கேயே சுற்றும். சுலபமான படத்துக்குத்தான் இந்தப் பாடு என்பதை அந்தத் தொழில் தெரிந்தவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

கரையோர மண்சுவரில் வளை தோண்டிக் குடியிருக்கும் மீன்கொத்திக்கும் பஞ்சுருட்டானுக்கும் இதே கதை வேறு விதமாக. வளைக்கு எதிரே ஒரு குச்சியை நட்டுவைத்து, பறவை அதில் வந்து உட்காரட்டும் என்று பத்தடியில் காத்திருப்பார்கள். தும்பியை அலகில் கவ்விய பஞ்சுருட்டான் மின்கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே குஞ்சுகள் கத்துவது வெளியே கேட்கும். ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் காவிரிக் கரையில் நீலவால் பஞ்சுருட்டான்கள் கூட்டமாக வளை தோண்டும் இடத்துக்குக் கோடைதோறும் படமெடுக்க ஆள் கூடுவது ஊரறிந்த விஷயம். இப்போது ட்ரோன் வேறு. மேலே வட்டமிடும் எதையும் பருந்தாகவே நினைத்துப் பழகிய பறவைக் கூட்டம், ட்ரோனைக் கண்டால் மொத்தமாக எழுந்துவிடும்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? பிரிட்டனில் 1981-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் சில பறவைகளுக்குத் தனிப்பட்டியல் உண்டு. அந்தப் பறவைகளைக் கூட்டில் தொந்தரவு செய்யும்படி படமெடுக்க வேண்டுமானால் அரசு உரிமம் வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் யார் யார் தெரியுமா? நம் காவிரி மணலில் முட்டையிடும் அதே பட்டாணி உப்புக்கொத்தி. நம் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்கும் அதே சிறு நீல மீன்கொத்தி. அங்கே உரிமம் இல்லாமல் கிட்டே போக முடியாத பறவைக்கு, இங்கே கார் ஏறி வருகிறது.

அவ்வளவு தூரம் போவானேன். கர்நாடகத்தின் பத்ரா நீர்த்தேக்கத்தில் கோடையில் தண்ணீர் இறங்க, தலைதூக்கும் தீவுகளில் ஆற்று ஆலாக்கள் பெருங்கூட்டமாகக் கூடு வைக்கின்றன. பார்க்கிறவர்கள் படகிலிருந்து பார்க்கிறார்கள், படமெடுக்கிறார்கள். வடக்கே சம்பல் ஆற்றில் மணல்திட்டில் முட்டையிடும் நீர்கிழிப்பான் பறவைகளுக்கு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆற்றோர ஊர்க்காரர்களையே கூட்டுக் காவலர்களாக ஆக்கியிருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே, தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூர் 2005-ல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. கோயிலும் மருத மரமும் நாரைக்கூட்டமும் உள்ள சின்ன ஊர், மூன்று ஹெக்டேருக்கும் குறைவான இடம். பறவைகளைத் தங்கள் பொறுப்பாக நினைத்த ஊர் மக்கள் இருந்ததால் நடந்தது.

அரசு நிலத்தைக் காப்பகமாக அறிவிக்க அதே சட்டத்தில் பிரிவு 36-ஏ இருக்கிறது. ஆற்றுத்திட்டு அரசு நிலம்தான். நகரும் திட்டை நிரந்தரக் காப்பகமாக்குவதில் சிக்கல் வரும் என்றால், அதற்கும் சுலபமான வழி உண்டு. பிப்ரவரியில் வனத்துறை ஊழியர் ஒருவர், பறவை தெரிந்த உள்ளூர் ஆர்வலர், பரிசல்காரர் ஒருவர் என மூன்று பேர் போய், எந்தத் திட்டில் பறவைகள் உட்காருகின்றன என்று கரையிலிருந்தே பார்த்துக் குறித்துவிடலாம். கரூர், நாமக்கல், திருச்சி ஆட்சியர்கள் மூவரும் சேர்ந்து, ஜூன் திறப்பு வரைக்கும் அந்தத் திட்டுகளில் மட்டும் வாகனமும் ஆளும் ட்ரோனும் இறங்கத் தடை என்று ஓர் உத்தரவு போடலாம். முழு ஆற்றையும் மூடச் சொல்லவில்லை. குளிக்கிறவர் குளிக்கட்டும், மீன் பிடிக்கிறவர் பிடிக்கட்டும். காவலுக்கு அந்தப் பரிசல்காரருக்கே நாலு மாதம் கூலி கொடுக்கலாம். எந்தத் திட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. முக்கியமாக, புகார் வந்தால் பொறுப்பு யாருக்கு என்று உத்தரவிலேயே ஒரு பதவியின் பெயர் இருக்க வேண்டும். எந்த மாவட்ட எல்லை என்ற பேச்சுக்கே அதில் இடம் இருக்கக் கூடாது.

புகைப்பட மன்றங்கள், கல்லூரிகள், அரசுத் துறைகள் நடத்தும் போட்டிகளுக்கும் ஒரு வரி: கூடு, முட்டை, குஞ்சு, குஞ்சுக்கு இரை கொண்டுவரும் பறவை ஆகிய படங்கள் ஏற்கப்படா. பெயர்பெற்ற இயற்கைப் புகைப்படப் போட்டிகள் பல இதை ஏற்கெனவே விதியாக வைத்திருக்கின்றன. பரிசு இல்லை என்றால் பாதிப்பேர் திட்டுக்கு வரமாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு கூட்டுக்கு அழைத்துப்போகும் வழிகாட்டிகளுக்குத் தொழில் படுக்கும், படுக்கட்டும். பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. வாயில் மீனோடு நிற்கும் ஆலாவைக் கோடை இதழின் அட்டையில் போடும் முன், இது எங்கே, எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தது என்று ஆசிரியர் குழு ஒரு கேள்வி கேட்டால் போதும். கூட்டிடத்தின் பெயரை, கூகுள் மேப் புள்ளியை வாட்ஸ்அப் குழுவில் போடுவதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

மூன்று மாவட்டங்களிலும் திங்கள்கிழமைதோறும் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மாயனூர், மோகனூர், தொட்டியம், முசிறி, குளித்தலைப் பக்கம் இருக்கிறவர்கள் தை மாதத்திலேயே மனு கொடுத்துவிட வேண்டும். பங்குனியில் கொடுத்தால் கோப்பு நகர்வதற்குள் முட்டை இருக்காது. மனுவில் திட்டு இருக்கும் இடம், எதிரே உள்ள படித்துறை அல்லது கோயில், பறவையின் பெயர், பிரிவு 2(16) ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். கரையிலிருந்து எடுத்த கார்த் தடத்தின் படத்தை இணையுங்கள். கூட்டின் படம் வேண்டாம். ஒரே மனுவை மூன்று ஆட்சியருக்கும் கொடுத்து, மூன்றுக்கும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.